மலையில் நட்டதும் மூச்சில் வந்ததும்

ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக வாசலின் தடவுகிறார்கள். மொட்டைமாடியில், மழை படாதபடி மேலும் கீழும் வட்டத் தட்டு பொருத்திய ஒரு தாங்கியில் அதை வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். பிறகு அதில் ஒட்டியிருக்கும் மகரந்தத் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். சுகி என்ற மரத்தின் துகள் உருண்டையாக, சுமார் 30 மைக்ரான் குறுக்களவில் இருக்கும். ஒரு பக்கத்தில் கொக்கிபோல வளைந்த சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். பழகிய கண்ணுக்கு அந்த முனை போதும், இது சுகிதான் என்று சொல்லிவிடும். ஜனவரி 1க்குப் பிறகு, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு துகளாவது இரண்டு நாள் தொடர்ந்து அகப்பட்டால், அவற்றில் முதல் நாளே மகரந்தப் பருவத்தின் தொடக்கம். டோக்கியோவில் இது பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். அன்று மாலைச் செய்தியில் சொல்வார்கள். மருந்துக்கடைகளின் முன்வரிசை அலமாரியில் மாஸ்க், கண் சொட்டு மருந்து, மூக்கில் அடிக்கும் மருந்து, தும்மல் மாத்திரை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும்.

ஜப்பானில் குடியிருக்கும் தமிழன் என்ற முறையில், இந்த நாட்டின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துப் பேசு என்றால் நான் இந்த மகரந்தத்தைத்தான் எடுப்பேன். ஒரு மரத்தின் உடலியலும், மனித உடலின் தற்காப்பும், போருக்குப் பிந்திய ஒரு அரசாங்க முடிவும், அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற இந்த மக்களின் பண்பும் ஒரே தும்மலில் வந்து சேருகிற இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நோயின் அளவைப் பாருங்கள். நாடு முழுவதும் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வைத்து, ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. சுகி மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் 1998இல் 16.2 சதவீதம். 2008இல் 26.5. 2019இல் 38.8. பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களைத் தனியாக எடுத்தால் ஏறத்தாழப் பாதிப்பேர். அரசுப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வு பிப்ரவரி 25இல் தொடங்குகிறது. அதாவது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் தாளை, கண் அரித்துக்கொண்டிருக்க, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்க, மாத்திரை தந்த தூக்கக் கலக்கத்தோடு எழுதச் சொல்கிறார்கள். தேர்வுக் கூடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் பக்கத்துப் பிள்ளையைத் தொந்தரவு செய்யுமே என்று கவலைப்படும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் கவலையைப் பிள்ளைகளின் தலையில் வைத்தது நியாயமில்லை என்பது என் முதல் கருத்து.

இந்த மரத்தின் ஆண்டுக் கணக்கு வியப்பானது. சுகி, ஜப்பானுக்கே உரிய ஊசியிலை மரம். யாகுஷிமா தீவில் ஆயிரம் ஆண்டைக் கடந்த சுகிகள் இன்றும் நிற்கின்றன. சாக்கே மதுவுக்கான பீப்பாய், கோயில் தூண், வீட்டு உத்தரம், குளியல் தொட்டி என்று இந்த நாட்டு வாழ்க்கையோடு ஒட்டிய மரம் அது. பிரிட்டிஷ்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டதால் டார்ஜிலிங் மலைகளிலும் இதைப் பார்க்கலாம். அங்கே துப்பி என்பார்கள். பூச்சியை நம்பாமல் காற்றை நம்பும் மரம். காற்று குறிபார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பதால், ஒரு துகளாவது ஒரு பெண்கூம்பை எட்டவேண்டும் என்றால் கோடிக்கணக்கில் இறைத்தாக வேண்டும்.

அடுத்த வசந்தத்துக்கான ஆண்கூம்புகள் ஜூலையிலேயே கிளை நுனியில் உருவாகத் தொடங்கிவிடும். அந்தச் சமயம் வெயில் நன்றாகக் காய்ந்தால் கூம்புகள் அதிகம். குளிர்ந்து மழை பெய்தால் குறைவு. ஆகவே ஆகஸ்டின் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தே அடுத்த மார்ச்சின் தும்மலை ஓரளவு கணிக்கலாம். இலையுதிர் காலத்தின் முடிவில் ஆட்கள் காட்டுக்குப் போய், குறிப்பிட்ட மரங்களைத் தொலைநோக்கியால் பார்த்து, கூம்பு எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று பதிவு செய்கிறார்கள். அரிசிமணி போன்ற கூம்புகள் கிளை நுனியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும்; அவை கனத்துவிட்டால் பச்சை மரமே செம்பழுப்பாகத் தெரியும். நவம்பரில் கூம்புகள் உறங்கிவிடும். கடுங்குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். அதன் பிறகு வெப்பம் சேரச் சேர முதிரும். டோக்கியோ வட்டாரத்தில் ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போனால், தொகை 400 டிகிரியை நெருங்கும்போது மகரந்தம் பறக்கத் தொடங்கும் என்பது கைக்கணக்கு. செர்ரி எப்போது பூக்கும் என்று பார்ப்பதற்கும் இதே போன்ற கூட்டல்தான். அங்கே பிப்ரவரியில் தொடங்கி 600. பூவின் வருகையையும் நோயின் வருகையையும் ஒரே கணிதத்தால் சொல்கிறார்கள்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வெயிலும் காற்றும் சேர்ந்துவிட்டால் காடு புகைவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் காட்டுத்தீ என்றே நினைப்பார்கள். மஞ்சள் புகை மலைச்சரிவை விட்டு எழுந்து, பல பத்து கிலோமீட்டர் கடந்து நகரத்துக்கு வருகிறது. டோக்கியோவுக்கு மேற்கே ஒகுதாமா மலைகளிலிருந்து கிளம்புவது நண்பகலை ஒட்டி நகரத்தில் இறங்கும். காட்டில் விழுந்தால் மண்ணோடு போய்விடும். தார்ச்சாலையில் விழுந்தது வண்டிச் சக்கரத்தில் எழுந்து எழுந்து திரும்ப மூக்குக்கு வரும். அதனால்தான் மாலையில் இன்னொரு உச்சம். பால்கனியில் மெத்தையும் துணியும் காயப்போடுவதை உயிராக நினைக்கும் இந்த ஊர்க்காரர்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே உலர்த்துவார்கள்.

துகள் மூக்குக்குள் வந்ததும் நடப்பது வேகமான கதை. ஈரம் பட்டவுடன் துகள் உப்புகிறது, வெளித்தோல் பிளக்கிறது, உள்ளிருப்பது நழுவி வெளியே வருகிறது. கூடவே சில புரதங்கள் கரைந்து சவ்வில் இறங்குகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று, செடிகளின் செல்சுவரில் உள்ள பெக்டினை வெட்டும் நொதி. மரத்துக்கு அது வேலைக்காரன். நம் உடலுக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. ஆனால் சிலர் உடலில் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பகை என்று பதிந்து, அதற்கென்றே ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைச் செய்து, மூக்கிலும் கண்ணிலும் காவலிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் பொருத்தி வைக்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்து அந்த எதிர்ப்பொருளைத் தொட்டதும், செல் தன்னிடம் மூட்டை கட்டி வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகிறது. அடுக்குத் தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, கண்ணைப் பிடுங்கி எறியலாம் போன்ற அரிப்பு எல்லாம் அதன் விளைவு.

இந்த எதிர்ப்பொருளை 1966இல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஒரு ஜப்பானியத் தம்பதி: கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோவும். அமெரிக்காவின் டென்வர் நகரில், வேறொரு செடியின் மகரந்தத்தை வைத்து ஆய்வு செய்தார்கள். இரத்தத்தில் அது இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம். அன்றைய கருவிகளுக்கு எட்டாதது. தோலில் ஏற்றினால் மட்டும் தடிப்பாகக் காட்டிக்கொடுக்கும். சோதனைக்கு அவர்கள் தங்கள் தோலையே கொடுத்தார்கள். சுவீடனில் ஒரு குழுவும் தனியாக அதே பொருளை வந்தடைந்தது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் கூடிய அறிஞர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

உடல் இந்தப் புரதத்தைப் பகை என்று பதிந்து வைப்பதற்குக் காலம் பிடிக்கும் என்பதால்தான் புதிதாக வரும் வெளிநாட்டுக்காரர்கள் முதல் சில வசந்தங்களில் ஒன்றும் ஆகாமல் நடமாடுகிறார்கள். டோக்கியோவின் நிஷிகசாயில் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலரும், சளி பிடித்திருக்கிறது என்று கசாயம் வைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, வாரக்கணக்கில் விடாத பிறகுதான் மருத்துவரிடம் போகிறார்கள். காய்ச்சல் இல்லை, கண் அரிக்கிறது, சளி தண்ணீராக இருக்கிறது என்றால் அது சளிக்காய்ச்சல் அல்ல. எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. உடம்பும் இந்த ஊருக்குக் குடியேறிவிட்டது என்று அதைக் கேட்ட அலுவலக நண்பர் சொன்னார், ஆறுதலாகத்தான்.

நிக்கோவின் புதிர் என்னை விடுவதே இல்லை. டோக்கியோவுக்கு வடக்கே உள்ள அந்தக் கோயில் நகரத்துக்குப் போகும் பழைய சாலைகளில், 35 கிலோமீட்டருக்கு மேல், இருமருங்கிலும் சுகி மரங்கள் நிற்கின்றன. மாட்சுதைரா மாசட்சுனா என்ற பிரபு 1625ஐ ஒட்டி நடத் தொடங்கியவை. இன்னும் சுமார் 12,000 மரங்கள் இருக்கின்றன. முந்நூறு ஆண்டுக்கு மேலாக அவற்றின் அடியில் நடந்துபோன யாத்ரீகர்கள், வண்டிக்காரர்கள், விவசாயிகள் யாரும் வசந்த காலத்தில் தும்மித் தவித்ததாகப் பதியப்படவில்லை. 1963இல் நிக்கோ மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த யோசோ சைத்தோ என்ற இளம் மருத்துவர்தான், வசந்தம் வந்ததும் ஒரே மாதிரி மூக்கும் கண்ணுமாக நோயாளிகள் வருவதைக் கவனித்தார். மறு ஆண்டு அது சுகி மகரந்த ஒவ்வாமை என்று கட்டுரையாக வந்தது. மரம் பழையது, நோய் புதியது.

இடையில் மாறியது என்ன? 1980களில் அதே நிக்கோ வட்டாரத்தில் ஒரு ஆய்வு நடந்தது. சுகி மரங்கள் அடர்ந்த இடத்தில் வாழ்ந்தாலும், வண்டிப் போக்குவரத்து மிகுந்த சாலையோரம் இருப்பவர்களுக்கு நோய் அதிகம், காட்டை ஒட்டி மட்டும் இருப்பவர்களுக்குக் குறைவு என்று அது காட்டியது. டீசல் புகைத் துகள் ஐ.ஜி.இ. உற்பத்தியைத் தூண்டுவதைச் சோதனைக்கூடத்தில் எலிகளிலும் பார்த்தார்கள். குழந்தைப் பருவத்தில் மண்ணோடும் கிருமியோடும் புழக்கம் குறைந்ததால் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறுகிறது என்பது இன்னொரு கருதுகோள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் மலைகளில் நடந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். போர் முடிந்ததும், எரிந்துபோன நகரங்களைத் திரும்பக் கட்ட இன்னும் வெட்டினார்கள். மொட்டையான மலைகள் புயல் வந்தால் சரிந்து ஊர்களை மூடின. 1947இல் காத்லீன் புயலின் வெள்ளம் கான்டோ சமவெளியையே மூழ்கடித்தது. மரம் நடுவது நாட்டுக் கடமையானது. 1950இல் பேரரசரே வந்து கன்று நடும் தேசிய விழா தொடங்கியது. கரிக்கும் விறகுக்கும் பதில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் வந்ததால், பயனற்றதாகக் கருதப்பட்ட அகன்ற இலைக் காடுகளையும் வெட்டிவிட்டு, அங்கும் சுகியும், ஹினோகி என்ற இன்னொரு ஊசியிலை மரமும் நட்டார்கள். நேராக வளரும், சீக்கிரம் வளரும், கட்டடத்துக்கு ஏற்றது. குன்மா மலையூர்க்காரரான ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்: பள்ளிப் பையனாக, முதுகுக் கூடையில் கன்று சுமந்து சரிவில் ஏறினாராம். பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து என்று அப்பா சொல்வாராம். இன்று அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வசந்தம் முழுக்கக் கண் வீங்கியிருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றவுணர்வு இருந்தது. அவர் அப்படி உணரத் தேவையில்லை. அன்று இருந்த வெள்ளத்துக்கும் பசிக்கும் அவர்கள் செய்தது சரியான வேலை.

தவறு பிறகுதான் சேர்ந்தது. 1964இல் மர இறக்குமதி முழுதும் திறந்துவிடப்பட்டது. மலிவான வெளிநாட்டு மரம் வந்து குவிந்தது. உள்நாட்டுச் சுகியின் விலை 1980ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பின்னர் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. 1955இல் தேவையில் பத்தில் ஒன்பது பங்கைத் தன் காட்டிலிருந்தே எடுத்த நாடு, 2002இல் 18.8 சதவீதத்தை மட்டும் எடுத்தது. வெட்டினால் கூலிக்கும் கட்டாது என்றால் யார் வெட்டுவார்கள்? மரங்கள் அப்படியே நின்றன. சுகி 25, 30 வயதைக் கடந்தால்தான் மகரந்தத்தை அள்ளி வீசத் தொடங்கும். 1950களில் நட்டவை 1970களின் பிற்பாதியில் அந்த வயதை எட்டின. அப்போதுதான் நோயாளிகள் பெருகினார்கள். இன்று சுகித் தோட்டக்காடு மட்டும் சுமார் 44 லட்சம் ஹெக்டேர். கேரள மாநிலத்தைவிடப் பெரிது. ஜப்பானின் நடப்பட்ட காடுகளில் பாதிக்கும் மேல் 50 வயதைத் தாண்டியவை. ஒகினாவாவில் சுகி அநேகமாக இல்லை என்பதால், வசதியுள்ளவர்கள் மார்ச்சில் அங்கே ஓடிப்போகிறார்கள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இந்த நோய் வானிலை அல்ல. ஆனால் ஜப்பான் இதை வானிலையாகவே நடத்தப் பழகிவிட்டது. முன்னறிவிப்பு அபாரம், மாஸ்க் அபாரம், மகரந்தம் ஒட்டாத மேல்சட்டைகூடக் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் தன் செலவில், தன் பையில், தன் பொறுமையில் சமாளிக்கிறார்கள். தும்மினால் ரயிலில் பக்கத்திலிருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அடுத்தவருக்கு இடைஞ்சல் தராமல் வாழும் இந்தப் பண்பை நான் மதிக்கிறேன், அதன் நிழலில்தான் நானும் நிம்மதியாக வாழ்கிறேன். ஆனால் எல்லோரும் அமைதியாகப் பொறுத்துக்கொள்வதாலேயே ஒரு பொதுப் பிரச்சினை நாற்பது ஆண்டு கண்ணில் படாமல் இருந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 ஏப்ரலில்தான் அரசு இதற்காக அமைச்சர்கள் கூட்டம் ஒன்றை அமைத்தது. மே மாதம் திட்டம் வந்தது: பத்தாண்டில் சுகித் தோட்டக்காட்டை 20 சதவீதம் குறைப்பது, முப்பதாண்டில் மகரந்தத்தைப் பாதியாக்குவது, ஆண்டுக்கு 50,000 ஹெக்டேராக இருக்கும் வெட்டும் அளவை 70,000 ஆக உயர்த்துவது. முப்பது ஆண்டா என்று பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கமாட்டேன். இது மரத்தின் கணக்கு. ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினால் மலை திரும்பவும் சரியும். எந்தப் பயத்தில் நட்டார்களோ அதே பயம் திரும்பிவரும். வெட்டிய இடத்தில் நட்டாக வேண்டும், நட்ட கன்றை மான் தின்னாமல் காக்க வேண்டும், கோடையில் களை அறுக்க வேண்டும்.

அதற்கு ஆள் எங்கே? காட்டு வேலை செய்பவர்கள் 1980இல் 1,46,000 பேர், 2020இல் 44,000. காட்டின் சொந்தக்காரர்களில் பலர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாத எல்லை, பேரன்மார் இருபது பேரின் கையெழுத்து என்று வாரிசுச் சிக்கல் நமக்கும் பழக்கமானதுதான். 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சொந்தக்காரர் பராமரிக்க முடியாத காட்டை உள்ளாட்சி எடுத்து நிர்வகிக்க வழி செய்தது. செலவுக்காக 2024 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யென் வன வரி. அதை என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும் கட்டுகிறோம். அந்தப் பணத்தைப் பகிர்ந்ததில் மக்கள்தொகைக்கு 30 சதவீத எடை கொடுத்திருந்தார்கள். காடே அதிகமில்லாத பெருநகரங்களுக்கு நிறையப் போனது. 2024இல் அதை 25 ஆகக் குறைத்தார்கள். என் பார்வையில் இன்னும் குறைக்கலாம். மகரந்தம் இறங்குவது நகரத்தில் என்றாலும், அரிவாளும் அறுவை இயந்திரமும் வேண்டியது மலையில்.

நடுவதற்கு ஏற்ற கன்றும் வந்துவிட்டது. 1992இல் தொயாமா மாநிலத்தில், ஆண்கூம்பு இருந்தும் மகரந்தமே உதிர்க்காத ஒரு சுகி மரத்தை ஹிதெயாகி தைரா கண்டார். ஒற்றை ஒடுங்கு மரபணுவின் வேலை அது. அதை வைத்து இனக்கலப்பு செய்தால் கிடைக்கும் கன்றுகளில் எது மகரந்தமற்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மரம் இயல்பாகப் பூக்கப் பல ஆண்டு ஆகும். ஜிபரலின் என்ற ஹார்மோனைத் தெளித்தால் சின்னக் கன்றே கூம்பு விட்டுவிடும். அதை நசுக்கிப் பார்த்துப் பிரித்துவிடலாம். அந்த ஹார்மோன் எங்கிருந்து தெரியவந்தது என்றால், நெற்பயிரை அளவுமீறி உயர்ந்து வெளிறிச் சாய வைக்கும் ஒரு பூஞ்சை நோயிலிருந்து. 1926இல் எய்ச்சி குரோசாவா அந்த நோயை ஆராய்ந்தபோது, ஒருநாள் மகரந்தமற்ற சுகிக் கன்றைக் கண்டறிய அது உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள்? நடப்படும் சுகிக் கன்றுகளில் பத்தில் ஒன்பது, மகரந்தம் குறைந்த அல்லது அற்ற வகையாக வேண்டும் என்பது அரசின் பத்தாண்டு இலக்கு.

வெட்டிய மரத்துக்கு வேலை வேண்டும். டோக்கியோவின் புதிய தேசிய விளையாட்டரங்கின் இறவாணங்களில் மாநிலந்தோறும் கொண்டுவந்த சுகியைப் பதித்தார்கள். ஒகினாவாவுக்கு மட்டும் அங்குள்ள பைன். ஒசாகா உலகக் கண்காட்சிக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் மர வளையம் கட்டினார்கள். பெருமைக்குரியவைதான். ஆனால் மகரந்தத்தைக் குறைப்பது சாதாரண வீடு, பள்ளி மேசை, கடையின் தரை. உள்நாட்டு மரத்தின் பங்கு 18.8இலிருந்து ஏறி இப்போது 40 சதவீதத்தைச் சுற்றி நிற்பது எனக்கு அரங்கத்தைவிட அதிக நம்பிக்கை தருகிறது.

2024இல் இன்னொரு கதவும் திறந்தது. தொழில்திறன் பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான விசாப் பிரிவில் காட்டு வேலையையும் மர ஆலை வேலையையும் சேர்த்தார்கள். இந்த நாட்டு மலையை இனி வெளிநாட்டுக் கைகளும் சேர்ந்து பராமரிக்கப்போகின்றன. காட்டு வேலை, ஜப்பானில் விபத்து விகிதம் மிக அதிகமுள்ள தொழில்களில் ஒன்று. வருபவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பாதுகாப்புப் பயிற்சியும், உள்ளூர்க்காரருக்குத் தரும் அதே கூலியும், ஊரில் குடும்பத்தோடு தங்க வழியும் செய்து தர வேண்டும். தொலைவிலிருந்து வருபவர்களை மலிவான கை என்று மட்டும் கணக்குப் போட்டால், மலிவான இறக்குமதி மரத்தை வைத்துச் செய்த தவறையே மனிதரை வைத்துத் திரும்பச் செய்வதாகும்.

காடு மாறும்வரை மூக்கு காத்திருக்க முடியாது. அரசு இன்றைக்கே செய்யக்கூடியது, தேர்வை மகரந்தப் பருவத்துக்கு முன்னே நகர்த்துவதும், நாவடி மாத்திரைச் சிகிச்சையைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் எட்டச் செய்வதும். சுகிப் புரதத்தையே சிறு அளவில் நாக்கின் அடியில் வைத்து, உடம்பைப் பழக்கும் முறை இது. 2014இல் சொட்டு மருந்தாகக் காப்பீட்டுக்குள் வந்தது, 2018இல் மாத்திரையானது. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் நாள்தோறும் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் முழுக்கக் குணமாகாது, பலருக்கு நன்றாகத் தணியும். மகரந்தம் பறக்கும்போது தொடங்கக் கூடாது. இங்கே புதிதாக வரும் நம்மவர்களில் யாருக்காவது சென்ற வசந்தத்தில் கண் அரித்திருந்தால், ஜூனுக்கும் நவம்பருக்கும் இடையில், தும்மல் நினைவிலேயே இல்லாத நாட்களில் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.